38 ஜிபி ஸ்கேன் கோப்புகள்: பாதியில் நின்றது, இப்போது சர்வர் ஏதோ பத்து இலக்க எண் சொல்கிறது

பழைய_தாள் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைகளையும் தீபாவளி மலர்களையும் இரண்டு வருடமாக ஸ்கேன் செய்து வருகிறேன். மொத்தம் 38 ஜிபி. எல்லாம் டிஃப் படக் கோப்புகள். மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் எடுத்திருக்கிறேன், அங்கே ஒரு பிரதி இருக்கட்டும் என்று.

வெள்ளி இரவு, வேறு கணினிக்குக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையில் -ஆர் போட்டு மொத்த ஃபோல்டரையும் அனுப்ப ஆரம்பித்தேன். 21 ஜிபி போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கணினிக்குத்தான், ரூட்டருக்கு இல்லை. எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் முதல் கோப்பிலிருந்து தொடங்குகிறது!

அது ஒரு பக்கம். இன்று மாலையிலிருந்து எஸ்சிபியே ஓட மாட்டேன் என்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்துக் கணினிக்குள் பூட்டிய வழியில் போகும் முறை) நுழைந்தால் ஒழுங்காக உள்ளே போகிறேன், எல்லாக் கட்டளையும் வேலை செய்கிறது. கோப்பு அனுப்பினால் மட்டும் "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 3769546208" என்று வருகிறது. அதன் கீழே ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) பற்றி இன்னொரு வரி. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் போட்டுப் பார்த்தேன், அது "இஸ் யுவர் ஷெல் கிளீன்?" என்று கேட்கிறது. என்ன சுத்தம் செய்ய வேண்டும்? டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கிறது. சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள்.

நாலாம்_நம்பர்_பஸ் | ஞாயிறு, இரவு 9.30

கோப்பு பெரியதாக இருப்பதால் வருகிறதோ? மெசேஜ் டூ லாங் என்றுதானே சொல்கிறது. ஜிப் செய்து துண்டு துண்டாக அனுப்பிப் பாருங்கள்.

பழைய_தாள் | ஞாயிறு, இரவு 9.41

2 கேபி டெக்ஸ்ட் கோப்புக்கும் அதே எண்தான் தம்பி. ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

கருந்திரை | ஞாயிறு, இரவு 10.05

எண் மாறாமல் வருகிறது பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் எஸ்சிபி உள்ளே பேசுவது எஸ்எஃப்டிபி, எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் நெறிமுறை. அதில் ஒவ்வொரு பொட்டலமும் தன் நீளத்தை முதலில் சொல்லிக்கொண்டுதான் வரும். அதற்கு நான்கு பைட். உங்கள் மடிக்கணினி அந்த நான்கு பைட்டைப் படித்து "அடேயப்பா, மூன்றரை ஜிபிக்கு மேல் ஒரே பொட்டலமா" என்று பயந்து விலகிக்கொள்கிறது. உங்களிடம் உள்ள எஸ்எஸ்ஹெச் நிரலான ஓபன்எஸ்எஸ்ஹெச் ஒரு பொட்டலத்துக்கு அனுமதிப்பது 256 கேபிதான். உண்மையில் வந்தது பொட்டலமே இல்லை. சர்வரிலிருந்து ஏதோ எழுத்து முந்திக்கொண்டு வந்திருக்கிறது, அதன் முதல் நான்கு பைட்டை நீளம் என்று எடுத்துக்கொண்டது.

3769546208 என்பதை 256ஆல் வகுத்து வகுத்துப் பிரித்தால் 224, 174, 181, 224 என்று வரும். எழுத்தைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 224, 174 என்று தொடங்கினால் தமிழ் எழுத்து. மூன்றாவதாக 181 வந்தால் அது "வ". அடுத்த 224 இன்னொரு தமிழ் எழுத்தின் தொடக்கம்.

ஆக, உங்கள் சர்வர் "வ..." என்று ஏதோ பேசுகிறது. உண்மையைச் சொல்லுங்கள், ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் வணக்கம் வைத்தீர்களா?

பழைய_தாள் | ஞாயிறு, இரவு 10.11

ஐயா!! காலையில்தான் வைத்தேன். எக்கோ போட்டு "வணக்கம், சுவடி அறைக்கு நல்வரவு" என்று. கோப்பின் முதல் வரியாகவே. நுழைந்ததும் தமிழில் வரவேற்றால் நன்றாக இருக்குமே என்று பார்த்தேன்.

மலைக்கோட்டை | ஞாயிறு, இரவு 10.15

எண்ணைப் பார்த்தே "வ" என்று கண்டுபிடித்தீர்களே அண்ணா, கைரேகை பார்ப்பது போல.

பழைய_தாள், உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் பேஷ்ஆர்சியின் தலையிலேயே ஒரு சின்னத் தடுப்பு இருக்கும்: மனிதன் உட்கார்ந்து தட்டும் ஷெல்லாக இல்லாவிட்டால் இதோடு திரும்பிப் போ என்று. நீங்கள் அதற்கும் மேலே எழுதிவிட்டீர்கள். கோப்பு அனுப்ப வரும் இணைப்பும் அதே பேஷ் ஷெல் வழியாகத்தான் போகிறது, அதனால் அதற்கும் வணக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வரியைத் தடுப்புக்குக் கீழே நகர்த்துங்கள், போதும். ஆர்சிங்க் கேட்ட "ஷெல் சுத்தமா" என்ற கேள்வியும் இதைத்தான்.

பழையசோறு | ஞாயிறு, இரவு 10.40

இதற்குத்தான் சொல்கிறேன், கோப்பு அனுப்பப் பழைய எஃப்டிபி முறையை வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. இருபது வருடமாக எங்கள் அச்சகத்தில் எஃப்டிபிதான். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளும் எதுவும் ஆனதில்லை.

கருந்திரை | ஞாயிறு, இரவு 11.02

எதுவும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? எஃப்டிபியில் கடவுச்சொல் அப்படியே திறந்த எழுத்தில் போகிறது. அதே வைஃபையில் ஒருவர், வலையில் போவதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்திருந்தால், யூசர் என்று ஒரு வரி, பாஸ் என்று அடுத்த வரி, முடிந்தது. படித்தவன் வந்து சொல்லிவிட்டுப் போக மாட்டான்.

எஃப்டிபி மேல் எனக்குக் கோபம் இல்லை. 1971இல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதிய வரைவு அது, ஆர்எஃப்சி என்ற வலை ஆவண வரிசையில் 114. அன்றைக்கு வலையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒளிக்க வேண்டிய தேவை எழவில்லை. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் ஒருவன் இப்படித்தான் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டான். அங்கே இருந்த தாத்து யூலோனன் அதன் பிறகுதான் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஒரு வாசல் எண் உண்டு: எஃப்டிபிக்கு 21, தூரத்துக் கணினிக்குள் நுழையும் பழைய டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக எழுதியதால் நடுவில் காலியாக இருந்த 22ஐத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று: எஸ்எஃப்டிபி என்பது எஃப்டிபிக்குப் பூட்டு போட்டது இல்லை. பெயர்தான் ஒன்று போல, உள்ளே வேறு நெறிமுறை. எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற பூட்டைப் போர்த்தினால் அது எஃப்டிபிஎஸ். எழுத்தின் வரிசை மாறினால் ஆளே மாறிவிடுவார்.

பழையசோறு | ஞாயிறு, இரவு 11.09

சரி சரி, வயிற்றில் புளியைக் கரைக்காதீர்கள். நாளைக்கே பையனிடம் சொல்கிறேன்.

நாலாம்_நம்பர்_பஸ் | திங்கள், காலை 7.55

எனக்கு ஒரு சந்தேகம். எஸ்சிபியே பாதுகாப்பு இல்லை, பயன்படுத்தாதே என்று கல்லூரியில் சீனியர் சொன்னார். ஆனால் எல்லா வழிகாட்டியிலும் எஸ்சிபிதான் இருக்கிறது. எது சரி?

மலைக்கோட்டை | திங்கள், காலை 9.20

உங்கள் சீனியர் சொன்னது 2019 செய்தி. எஸ்சிபி, பெர்க்லியில் பிறந்த பழைய ஆர்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையின் மேல் எஸ்எஸ்ஹெச் சட்டை போட்டது. அதில் என்ன கோளாறு என்றால், நீங்கள் ஒரு கோப்பைக் கேட்டாலும், எந்தப் பெயரில் எதை அனுப்புவது என்று சொல்வது சர்வர். கெட்ட சர்வராக இருந்தால் நீங்கள் கேட்காத கோப்பையும் சேர்த்து அனுப்பி, உங்கள் ஃபோல்டரில் இருப்பதை மேலெழுதிவிடலாம். அந்த வருடம் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.0 வெளியீட்டுக் குறிப்பிலேயே, இந்த நெறிமுறை காலாவதியானது, சுலபத்தில் சரிசெய்ய முடியாதது, எஸ்எஃப்டிபிக்கோ ஆர்சிங்க்குக்கோ போங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

2022 ஏப்ரலில் வந்த 9.0இலிருந்து, எஸ்சிபி என்று தட்டினாலும் உள்ளே ஓடுவது எஸ்எஃப்டிபிதான். அதனால் பழைய_தாளின் எஸ்சிபி எஸ்எஃப்டிபி பிழையைக் காட்டியது. இன்று புதிய பதிப்பு வைத்திருப்பவர் எஸ்சிபி போட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் சிக்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்ட ரூட்டரில் பெரும்பாலும் எஸ்எஃப்டிபி சர்வர் இருக்காது, எஸ்சிபி திணறும். அங்கே பெரிய ஓ சேர்த்தால் பழைய நெறிமுறைக்குத் திரும்பும். நம் வீட்டு ரூட்டர்தானே, நம்பலாம்.

பழைய_தாள் | திங்கள், மதியம் 1.30

வணக்கத்தைக் கீழே நகர்த்தினேன், எல்லாம் ஓடுகிறது. நன்றி ஐயா, நன்றி சகோதரி. இப்போது பழைய கேள்வி. ஏற்கெனவே போன 21 ஜிபியை மறுபடி அனுப்பாமல் மீதியை மட்டும் அனுப்ப முடியுமா? என் லைனில் ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ்.

கருந்திரை | திங்கள், மதியம் 2.10

ஆர்சிங்க்தான். சின்ன ஏ, சின்ன வி, பெரிய பி மூன்றும் போதும். பெரிய பி போட்டால் பாதி வந்த கோப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும், எவ்வளவு போனது என்றும் காட்டும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறுவீர்கள். ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று ஆர்சிங்க் முதலில் பார்ப்பது அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும்தான். நீங்கள் எஸ்சிபியில் சின்ன பி போடாமல் அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் சர்வரில் எல்லாக் கோப்புக்கும் வெள்ளி இரவின் நேரம்தான் இருக்கும். உங்கள் வீட்டில் ஸ்கேன் செய்த நாள். நேரம் ஒத்துப்போகாததால் ஒவ்வொன்றையும் அது எடுத்துப் பார்க்கும்.

ஆனால் மறுபடி அனுப்பாது. சர்வர் தன்னிடம் உள்ள கோப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு உங்களுக்கு அனுப்பும். உங்கள் பக்கம் அதோடு ஒப்பிட்டு, இல்லாத கட்டங்களை மட்டும் அனுப்பும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட யோசனை. ட்ரிட்ஜெல் 1999இல் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டிலும் இது வருகிறது. இரண்டு பக்கமும் டிஸ்க் கொஞ்ச நேரம் உறுமும், லைனில் போவது சொற்பம். மீதி 17 ஜிபிக்கு உங்கள் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஆகலாம்.

டீமக்ஸ் உள்ளே ஓட விடுங்கள், டெர்மினல் சன்னலைத் தெரியாமல் மூடினாலும் ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டருக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.

மலைக்கோட்டை | திங்கள், மதியம் 2.25

போர்ட் 22 இல்லாமல் வேறாக இருந்தால் கவனம். எஸ்எஸ்ஹெச்சில் போர்ட்டுக்குச் சின்ன பி. எஸ்சிபியிலும் எஸ்எஃப்டிபியிலும் பெரிய பி. எஸ்சிபியில் சின்ன பி போட்டால் அது நேரத்தைக் காப்பாற்றும் பி. ஆர்சிங்க்கில் பெரிய பி அண்ணா சொன்ன பி, போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன், இன்றும் தப்பாகப் போடுகிறேன். அதனால் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் சர்வருக்கு "சுவடி" என்று ஒரு செல்லப்பெயர் வைத்து முகவரி, போர்ட், பயனர், சாவி நான்கையும் எழுதிவிடுங்கள். அப்புறம் எல்லாக் கட்டளையிலும் சுவடி என்று சொன்னால் போதும், எந்தப் பியும் வேண்டாம்.

பழைய_தாள் | திங்கள், இரவு 8.50

நாற்பது நிமிடம் ஓடிய பிறகு பார்த்தேன். சர்வரில் "மலர்கள்" ஃபோல்டருக்குள் இன்னொரு "மலர்கள்", அதற்குள் மறுபடி முதலிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்திவிட்டேன். எங்கே தப்பு?

நாலாம்_நம்பர்_பஸ் | திங்கள், இரவு 8.58

இது எனக்குத் தெரியும்! கடைசிச் சாய்கோடு. அனுப்பும் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். போய்ச்சேரும் பக்கம் "மலர்கள்" என்று எழுதிவிட்டு, இந்தப் பக்கம் சாய்கோட்டை விட்டிருப்பீர்கள்.

கருந்திரை | திங்கள், இரவு 9.15

சரியாகச் சொன்னாய் தம்பி. கூடவே சின்ன என் போட்டுப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒத்திகை. எதையும் அனுப்பாமல், எதை எங்கே வைக்கப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். குறிப்பாக --டிலீட் சேர்க்கும் நாளில் ஒத்திகை இல்லாமல் எண்டரைத் தொடாதீர்கள்.

என் கதை. வெளி டிஸ்க்கில் இருக்கும் படங்களைத் தினம் இரவு சர்வருக்கு அனுப்ப குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் போட்டிருந்தேன், --டிலீட்டோடு. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது என்று அர்த்தம். ஒரு நாள் வீட்டில் வெள்ளையடிக்க டிஸ்க்கின் வயரைப் பிடுங்கியிருந்தார்கள். டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தது. ஆர்சிங்க் பார்த்தது, இங்கே ஒன்றும் இல்லை, ஆகவே அங்கேயும் ஒன்றும் வேண்டாம். மூன்று வருடப் படங்கள். நல்லவேளை டிஸ்க்கில் இருந்ததால் மறுபடி ஏற்றினேன். டிஸ்க்கே கெட்டுப்போயிருந்தால்? இப்போது --மேக்ஸ்-டிலீட் 20 என்று, இருபதுக்கு மேல் அழிக்காதபடி, கடிவாளம் போட்டு வைத்திருக்கிறேன். அதோடு டிஸ்க்கின் வேரில் ஒரு அடையாளக் கோப்பு, அது கண்ணில் பட்டால்தான் ஸ்கிரிப்ட் நகரும்.

பழைய_தாள் | செவ்வாய், காலை 6.40

இரவு ஒன்றரைக்கு முடிந்தது! 38 ஜிபியும் போய்விட்டது.

சின்னக் கேள்வி. முதல் நாள் சர்வரைத் தொட்டபோது ஏதோ கைரேகையைக் காட்டி யெஸ் / நோ கேட்டது. யெஸ் என்றேன். அது என்ன?

மலைக்கோட்டை | செவ்வாய், காலை 9.05

எல்லோரும் அங்கே யெஸ்தான் அடிக்கிறோம், ஆனால் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது எஸ்எஸ்ஹெச் வேலை. பூட்டிய பெட்டியைச் சரியான வீட்டில் கொடுக்கிறோமா என்பதை அந்தக் கைரேகைதான் சொல்லும். நடுவில் ஒருவன் உட்கார்ந்து "நான்தான் சர்வர்" என்றால், யெஸ் அடித்த பிறகு எல்லாம் பத்திரமாக அவனிடமே போய்ச் சேரும்.

சர்வர் கொடுத்தவர்களின் இணையப் பக்கத்தில் கன்சோல் என்று ஒன்று இருக்கும். அது எஸ்எஸ்ஹெச் வழியாக வராது. அங்கே நுழைந்து, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையைச் சின்ன எல், சின்ன எஃப் கொடுத்து சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் சாவியின் மேல் ஓட்டினால் கைரேகையைக் காட்டும். உங்கள் மடிக்கணினி சொன்னதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பின்னால் ஒரு நாள் "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு" என்று பெரிய எழுத்தில் கத்தினால், வலையில் தேடி, முதலில் கிடைக்கும் கட்டளையால் பழைய வரியை அழித்துவிடாதீர்கள். சர்வரை நீங்களே புதிதாக நிறுவியிருந்தால் சரி. இல்லாவிட்டால் ஏன் மாறியது என்று கேட்க வேண்டும். 2023 மார்ச்சில் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டது, அவர்கள் சாவியை மாற்றினார்கள். அன்று பல பேர் திரையில் இந்த எச்சரிக்கைதான். அவர்கள் புதிய கைரேகையைத் தங்கள் தளத்தில் போட்டிருந்தார்கள். அதோடு ஒப்பிட்டவர்கள் எத்தனை பேரோ.

நாலாம்_நம்பர்_பஸ் | செவ்வாய், காலை 9.30

சாவி என்றதும் ஞாபகம் வருகிறது அக்கா. போன வருடம் இன்டர்ன்ஷிப்பில் "உன் பப்ளிக் கீயை அனுப்பு" என்றார்கள். ஃபோல்டரில் இரண்டு கோப்பு இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் டாட் பப் என்று ஏதோ வால். வால் இல்லாததுதான் அசல் என்று நினைத்து அதை மெயிலில் அனுப்பிவிட்டேன்...

கருந்திரை | செவ்வாய், காலை 10.00

வால் உள்ளதுதான் ஊருக்குக் கொடுப்பது. வால் இல்லாததை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், மெயிலில் போன சாவி போனதுதான். உடனே புதிதாகச் செய்துகொண்டாய் என்று நம்புகிறேன். ஈடி25519 வகையே போதும். செய்யும்போது கடவுச்சொற்றொடர் கேட்கும், காலியாக விடாதே.

பழைய_தாள் | புதன், மாலை 5.20

கைரேகை ஒப்பிட்டேன், ஒன்றுதான். மூச்சு வந்தது.

இப்போது வேறு பிரச்சினை. நண்பர் ஒருவர் பழைய மேக்கில் ஸ்கேன் செய்த பகுதிகளையும் அதே ஃபோல்டருக்கு அனுப்பினார். சர்வரில் "தொகுதி-12" இரண்டு இருக்கிறது. "கோவில் மலர்" இரண்டு. ஆனால் "பஞ்சாங்கம்" ஒன்றுதான். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு எப்படி இருக்க முடியும்?

கருந்திரை | புதன், மாலை 6.45

ஒரே பெயர் இல்லை, கண்ணுக்குத்தான் ஒன்று. பெயரை, பைட்டுகளைக் காட்டும் "ஓடி" என்ற கட்டளைக்குள் செலுத்திப் பைட்டாகப் பாருங்கள். "தொ"வில் இருக்கும் ஒகரக் குறி உங்கள் லினக்ஸ் கோப்பில் 224 175 138, மூன்று பைட். நண்பரின் கோப்பில் 224 175 134 224 174 190, ஆறு பைட். ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. யூனிகோடில் இரண்டும் சரி. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், இரண்டும் வேறு வேறு என்று வைத்துக்கொள்ளும். தமிழில் ஒ, ஓ, ஔ குறியோ, தனி ஔ எழுத்தோ உள்ள பெயரில் மட்டும் இது வரும். "பஞ்சாங்கம்" தப்பித்தது அதனால்தான்.

மேக்கிலிருந்து அனுப்பும்போது ஆர்சிங்க்கில் --ஐகான்வ் விருப்பத்துக்கு யூடிஎஃப்-8-மேக், காற்புள்ளி, யூடிஎஃப்-8 என்று கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் மேக்கோடு வந்த பழைய ஆர்சிங்க் 2.6.9, அதற்கு இந்த விருப்பம் தெரியாது. 3.0இல்தான் வந்தது. மேக்கில் நிரல்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ வழியாகப் புதியதைப் போட வேண்டும்.

மலைக்கோட்டை | புதன், மாலை 7.00

பெயரின் நீளத்தையும் பாருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்தான். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் குறியும் மும்மூன்று பைட், ஆக 85க்கு மேல் போகாது. புள்ளியும் கணக்கில் சேரும். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

பழைய_தாள் | புதன், இரவு 10.30

நான்தான் அது. "1962 தீபாவளி மலரில் வந்த" என்று ஆரம்பிக்கும் ஒன்று போகவில்லை, இப்போதுதான் காரணம் புரிந்தது. பெயரைச் சுருக்கி அனுப்பிவிட்டேன். நண்பர் ஹோம்ப்ரூ போட்டுக்கொண்டிருக்கிறார், பழைய மேக் என்பதால் ஒரு மணி நேரமாக எதையோ கம்பைல் செய்கிறது. என் பங்குக்குச் சின்ன சி சேர்த்து ஒத்திகை ஓட்டினேன். ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து ஒப்பிடுமாம், மின்விசிறி போல மடிக்கணினி இரைந்தது. கடைசியில் ஒரு கோப்பின் பெயரையும் காட்டவில்லை. அப்படியென்றால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, சரிதானே ஐயா?

கருந்திரை | புதன், இரவு 10.34

சரிதான். நண்பருடையது முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டுங்கள்.